நனைஞ்சா பரவாயில்லை... ஊறக் கூடாது!

ஐப்பசி பொறந்தா போதும். காலையில கண் முழிச்சதும் ‘இன்னிக்கு லீவு உண்டா?’னு மொபைலைத் தேடாத ஸ்டூடன்ட் சென்னையில் இருக்காங்களா என்ன? வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யுற ஊர் இது. அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்க காலேஜ்ல சிம்போசியம் வைப்பாங்க. ஆர்.சி. கார் ரேஸுக்காக கிரவுண்டுல மண்ணைக் குவிச்சு, மேடு பள்ளம் வெட்டி, ரிப்பன் கட்டி முடிப்போம். சொல்லி வெச்ச மாதிரி வானம் இடிக்கும்!

உங்ககிட்ட ஆர்.சி. கார் இருக்கா? அதாங்க, ரிமோட் கார். பர்த்டேக்கு மாமா வாங்கித் தர்ற பொம்மை கார் இல்லை. ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல் எல்லாம் வெச்சு, நிஜ காரைப் பத்துல ஒரு பங்கா சுருக்கின மாதிரி இருக்குமே, அந்த ஜாதி. இருந்தா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சு ஹாஸ்டல் கதவுல ஒட்டிக்கோங்க. இல்லைன்னாலும் படிங்க பாஸ். மொபைல், இயர்போன், கால்குலேட்டர்னு ஏதோ ஒண்ணு இந்த மழையில் நனையத்தானே போகுது!

எங்க ஹாஸ்டல்ல ‘ஆர்.சி. ஆஸ்பத்திரி’ என் ரூம்தான். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். கையில ஒரு சால்டரிங் அயர்ன் இருக்கு. ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது. டாக்டர் ஆக வேற என்ன தகுதி வேணும்? மழைக் காலத்துல என் ரூமுக்கு வர்ற பேஷன்ட்கள் எல்லாரும் ஒரே டயலாக்தான் சொல்லுவாங்க. “மழையில சூப்பரா ஓடுச்சு மச்சான். அப்புறம்தான் செத்துப் போச்சு!”

அந்த ‘அப்புறம்’தான் மேட்டரே.

நாலு பேரும் ஒரு வில்லனும்

ஆர்.சி. காருக்குள்ள முக்கியமான ஆசாமிகள் நாலு பேர். ரிசீவர்தான் காது. ரிமோட் சொல்றதைக் கேட்கும். சர்வோதான் கை. ஸ்டீயரிங்கைத் திருப்பும். மோட்டார்தான் கால். இவங்களுக்கு நடுவுல, பேட்டரியில இருந்து எவ்வளவு கரன்ட்டை மோட்டாருக்கு விடணும்னு அளந்து ஊத்துற மெஸ் மேனேஜர் ஒருத்தர் இருக்கார். அவர் பேரு இ.எஸ்.சி., அதாவது எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர். நாலு பேர்ல பெரும்பாலும் காஸ்ட்லியான ஆளும் அவர்தான், மழையில முதல்ல மண்டையைப் போடுறவரும் அவர்தான்.

தண்ணி பட்டதும் எல்லாம் ‘டமால்’னு வெடிக்கும்னு நாம நினைக்கிறோம். அப்படி இல்லை. சுத்தமான தண்ணி கரன்ட்டைக் கடத்துறதுல ரொம்ப வீக். ஆனா, கிரவுண்டுல தேங்கி நிக்கிறது சுத்தமான தண்ணியா? மண்ணு, உப்பு, நேத்து யாரோ கொட்டின ஜூஸ்னு எல்லாம் கலந்த கஷாயம். அதுல கரைஞ்சிருக்கிற அயனிகள்தான் கரன்ட்டுக்குப் பாலம் போடுது.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில மின்னாற்பகுப்பு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? ஒரு பாத்திரத்துல காப்பர் சல்ஃபேட் கரைசல், ரெண்டு செம்புத் தகடு, ஒரு பேட்டரி. பிளஸ் பக்கத்துச் செம்பு கரைஞ்சு மைனஸ் பக்கம் போய்ப் படியும். அதே கச்சேரிதான் ஈரமான சர்க்யூட் போர்டு மேலயும் நடக்குது. பேட்டரி மாட்டியே இருந்தா, பிளஸ் பாதையில இருக்கிற செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும். மைனஸ் பக்கத்துல இருந்து குட்டிக் குட்டி வேர் மாதிரி உலோகம் வளரும். வேர் எதிர்ப்பக்கம் போய்த் தொட்டா ஷார்ட் சர்க்யூட். இதுக்கு சில நேரம் மணிக்கணக்கு ஆகும், சில நேரம் நாள்கணக்கு ஆகும். அதனாலதான் மழையில ஓடின கார் ‘அப்புறமா’ சாகுது.

“நான்தான் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டேனே?”னு கேட்பீங்க. அங்கதான் இருக்கு ட்விஸ்ட்! நிறைய இ.எஸ்.சி.கள்ல அந்தக் குட்டி ஸ்விட்ச் மெயின் கரன்ட்டை வெட்டாது. ‘தூங்கு’னு உள்ளே ஒரு சிக்னல் மட்டும்தான் கொடுக்கும். பேட்டரி பிளக்கைப் பிடுங்கற வரைக்கும் போர்டுல வோல்டேஜ் உட்கார்ந்துக்கிட்டேதான் இருக்கும். தண்ணி பாதி வில்லன்தான். மாட்டி வெச்ச பேட்டரி மீதி வில்லன்.

பந்தி பரிமாறி வாங்கின கார்

இது எனக்குப் புத்தகத்துல இருந்ததைவிட, ஒரு செகண்ட் இயர் தம்பி கொண்டு வந்த காரைத் திறந்தப்பதான் நல்லா உறைச்சது.

அவன் வீட்டுல இருந்து வர்ற பணம் ஃபீஸுக்கும் மெஸ்ஸுக்குமே சரியா இருக்கும். அதனால ஞாயித்துக்கிழமை ஆனா கேட்டரிங் வேலைக்குப் போவான். கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறுறது, வாளி கழுவுறதுனு ஆறு மாசம் முகூர்த்த நாளா பார்த்துப் போய் சேர்த்த காசுல வாங்கின பிரஷ்லெஸ் கார் அது. ஆடி மாசத்துல கல்யாணம் இல்லையேனு கவலைப்பட்ட ஒரே காலேஜ் பையன் எனக்குத் தெரிஞ்சு அவன்தான்!

ஒரு சனிக்கிழமை, மழை விட்டதும் கிரவுண்டுல ஓட்டியிருக்கான். தேங்கின தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் பறந்திருக்கு. பசங்க வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சாங்க. ரூமுக்கு வந்ததும், தரையெல்லாம் சேறாகக் கூடாது, காருக்கும் ஈரக்காத்து படக் கூடாதுனு ஒரு நல்ல பிளாஸ்டிக் கவர்ல போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, கட்டிலுக்கு அடியில பத்திரமா வெச்சுட்டான். பேட்டரி மாட்டினபடியே. புதன்கிழமை எடுத்தா, காருக்கு உயிரே இல்லை.

“அண்ணா, டப்பாவுல வாட்டர் ப்ரூஃப்னு போட்டிருந்துச்சுண்ணா...” அவன் குரல் உள்ளே போயிடுச்சு. ரேஸுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான்.

இ.எஸ்.சி.யைத் திறந்தேன். குத்துவிளக்கைத் தேய்க்காம விட்டா பச்சையா ஒண்ணு படியுமே, களிம்பு, அது போர்டோட ஓரம் பூரா பூத்திருந்துச்சு. எப்பவோ குட்டிக்கரணம் அடிச்சதுல, கேஸோட ஓரத்துல ஒரு தலைமுடி கனத்துக்கு விரிசல். அந்த வழியா நாலு சொட்டு உள்ளே போயிருக்கு. நாலே சொட்டு! கவருக்குள்ள காத்தோட்டம் இல்லாததால அது காயவே இல்லை. நாலு நாள் பேட்டரியோட சேர்ந்து செம்பைத் தின்னுருக்கு. பேட்டரி வேற வடிஞ்சு போய், அப்பளம் மாதிரி உப்பியிருந்துச்சு. உப்பின லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியிலயும் போடக் கூடாது. மின்கழிவு வாங்கற இடத்துல கொடுக்கணும்.

இ.எஸ்.சி. அவுட். பேட்டரி அவுட். ரிசீவரும் சர்வோவும் மட்டும் பிழைச்சுது. அவன் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, “ஐப்பசி, கார்த்திகையில முகூர்த்தம் இருக்கும்ல அண்ணா?”னு கேட்டான். என்னத்தைச் சொல்ல?

‘வாட்டர் ப்ரூஃப்’னா என்ன?

அந்த வார்த்தை ஒரு சத்தியம் இல்லைங்க, ஒரு மார்க் ஷீட்! உலக அளவுல ஐ.பி.னு ஒரு கணக்கு இருக்கு. ‘ஐ.பி. 67’னு போட்டிருந்தா, முதல் நம்பர் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. அந்த 7-க்கு அர்த்தம், 1 மீட்டர் வரைக்குமான ஆழத்துல 30 நிமிஷம் முங்கினாலும் தாங்கும்கிறது. ரெண்டாவது நம்பர் 4-னா, தெறிக்கிற தண்ணியைத்தான் தாங்கும். இதெல்லாம் புதுப் பொருளை வெச்சு லேப்ல பண்ற டெஸ்ட். ஆறு மாசம் ஜம்ப் அடிச்சு, விழுந்து, விரிசல் விட்ட உங்க காருக்கு அந்த மார்க் செல்லாது. அதோட, வாட்டர் ப்ரூஃப் இ.எஸ்.சி. மேல மாட்டியிருக்கிற குட்டி ஃபேன் பல மாடல்கள்ல வாட்டர் ப்ரூஃபே கிடையாது. மழைன்னா முதல்ல அதைக் கழட்டி வெச்சுடுங்க.

மழைக்கு முன்னாடி...

ரிசீவர்ல இருந்து ஆரம்பிப்போம். பெட்டிக்குள்ள வெச்சு மூடுறது பழைய ஐடியா. 1979-ல ஜப்பானோட தமியா கம்பெனி விட்ட ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ காரிலேயே ரேடியோ சாமான்களுக்குன்னு தண்ணி புகாத ஒரு பெட்டி இருந்துச்சு. உங்க கார்ல பெட்டி இல்லையா? பத்து ரூபா பலூன் பாக்கெட் போதும். பலூனுக்குள்ள ரிசீவரை நுழைச்சு, வயர் வெளியே வர்ற வாயை ஜிப் டை போட்டு இறுக்கிடுங்க. ஆனா, பலூனும் ஒரு பிளாஸ்டிக் கவர் மாதிரிதான். மூடும்போது உள்ளே மாட்டின ஈரக்காத்து, ராத்திரி குளிர்ந்ததும் தண்ணியாகும். அதனால ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணையும் உள்ளே போடுங்க. ஓட்டி முடிச்சதும் பலூனைக் கழட்டிடுங்க.

ஆன்டெனா வயரோட நுனியைச் சுருட்டி உள்ளே திணிக்காதீங்க. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். அதுல கால் பங்கு, அதாவது நுனியில இருக்கிற 31 மில்லிமீட்டர்தான் சிக்னலைப் பிடிக்கிற இடம். அது நேரா, வெளியே, உயரமா நிக்கணும். தண்ணி இந்த அலையை உறிஞ்சும். குட்டைக்குள்ள ஆன்டெனா முங்கினா கார் உங்க பேச்சைக் கேட்காது. ரிசீவர்ல ‘ஃபெயில் சேஃப்’ வசதி இருந்தா, சிக்னல் போனதும் பிரேக் பிடிக்கிற மாதிரி செட் பண்ணிடுங்க. இல்லைன்னா கார் நேரா ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் லாரிகிட்ட வம்பு வளர்க்கும்!

அடுத்து, போர்டுக்கு ரெயின்கோட். ‘கன்ஃபார்மல் கோட்டிங்’னு எலெக்ட்ரானிக் கடைகள்ல கிடைக்கும். மெல்லிசா ரெண்டு கோட் அடிச்சு, ஒரு நாள் முழுக்கக் காயவிடணும். இதுல சில வகைகள் ஊதா வெளிச்சத்துல மின்னும். கடைக்காரர் கள்ளநோட்டு பார்க்க வெச்சிருக்காரே ஒரு டார்ச், அதை வாங்கி அடிச்சா, எந்த இடம் விட்டுப்போச்சுனு பளிச்சுனு தெரியும். பின்கள், கனெக்டர் ஓட்டைகள், பட்டன்கள்ல மட்டும் படக் கூடாது. பட்டா கரன்ட்டே போகாது. அங்கெல்லாம் டேப் ஒட்டிட்டு அடிங்க.

கோட்டிங் வாங்கக் காசு இல்லையா? நெயில் பாலிஷ்! கலர் இல்லாத, கண்ணாடி மாதிரி இருக்கிறது. மினுமினு தூள் கலந்தது வேண்டவே வேண்டாம். எங்க ஹாஸ்டல்ல நாலு தடிப்பசங்க ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய், “அக்கா, டிரான்ஸ்பரன்ட் நெயில் பாலிஷ் மூணு”னு கேட்டப்போ அந்தக்கா பார்த்த பார்வை இருக்கே... சரி, அதை விடுங்க. இது ரிசீவர் மாதிரி சூடாகாத போர்டுக்கு மட்டும்தான். இ.எஸ்.சி. சூட்டுல வெடிப்பு விட்டுடும்.

கேஸோட இடுக்குகளை சிலிகான் சீலன்ட் போட்டு அடைக்கலாம். ஆனா, அதை மோந்து பார்த்து வாங்குங்க. காயும்போது வினிகர் வாசனை அடிக்கிற வகையில அசிட்டிக் ஆசிட் வெளியே வரும். அதுவே செம்பை அரிக்கும். ‘நியூட்ரல் க்யூர்’னு போட்டிருக்கிற வகையைக் கேளுங்க. கனெக்டர்கள்லயும், சர்வோவோட அச்சு வெளியே வர்ற இடத்துலயும் சிலிகான் கிரீஸ் லேசா வைங்க.

அதுக்காக இ.எஸ்.சி.யைப் பொட்டலம் கட்டிடாதீங்க மக்கா! அது சூடாகிற ஆசாமி, காத்து வேணும். சேத்துல ஓடும்போது சக்கரம் திணறும், மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும், சூடு இன்னும் ஏறும். மோட்டார் முனையில இருக்கிற பினியன் கியரை ஒண்ணு ரெண்டு பல்லு குறைச்சலா மாட்டினா வேகம் கொஞ்சம் போகும், கார் பிழைக்கும்.

மழைக்கு அப்புறம் பத்து நிமிஷம்

இப்ப சொல்லப் போறதுக்குப் பத்து பைசா செலவில்லை. ஆனா, மேலே சொன்ன எல்லாத்தையும்விட இதுதான் பெருசு.

கார் நின்னதும் முதல் வேலை, பேட்டரி பிளக்கைப் பிடுங்குங்க. ஸ்கோர் பார்க்கிறது, செல்ஃபி, டீ... எல்லாம் அதுக்கு அப்புறம். பேட்டரியைத் தொடைச்சு, கார்ல இருந்து எடுத்துத் தனியா வைங்க. அடுத்து, பலூனைக் கழட்டி, மூடிகளைத் திறந்து, காரைத் தலைகீழாப் பிடிச்சு உதறுங்க. பஞ்சர் கடை அண்ணன்கிட்ட கேட்டு கம்ப்ரஸர்ல காத்து அடிக்கலாம். தள்ளி நின்னு அடிக்கணும், ரொம்பக் கிட்டப் போனா தண்ணி இன்னும் உள்ளே போயிடும்.

சேறு உள்ளேயே போயிட்டா, அந்த பாகத்தைக் கழட்டிக் கழுவுங்க. தண்ணி பட்டதைத் தண்ணியில கழுவறதானு கேட்காதீங்க. பேட்டரி இல்லாதப்போ சுத்தமான தண்ணி எதிரி இல்லை. ஆனா, பல ஹாஸ்டல்கள்ல வர்றது உப்பு போர் தண்ணி, அது வேண்டாம். பேட்டரி கடையில கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் எடுங்க. பீச்சுல ஓட்டினா இது கட்டாயம். கடல் தண்ணி குழாய்த் தண்ணியைவிடப் பல மடங்கு கரன்ட் கடத்தும், காய்ஞ்ச பிறகும் உப்பு உட்கார்ந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். கடைசியா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு அலசு. அது தண்ணியோட கலந்து, தண்ணியையும் கூட்டிக்கிட்டு ஆவியாகிடும். பெட்ரோல் மாதிரி பத்திக்கிற சமாசாரம் இது. ரூம்ல கொசுவர்த்தியை அணைச்சு, ஜன்னலைத் திறந்துட்டு செய்யுங்க.

அப்புறம் ஃபேனுக்கு அடியில ஒரு ராத்திரி முழுக்க. ஹேர் டிரையர் சூடு வேண்டாம், பிளாஸ்டிக் வளைஞ்சுடும். அரிசி டப்பாவுல புதைக்கிறதும் வேண்டாம். ஐபோனையே அரிசியில போடாதீங்க, அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுத்துடும்னு ஆப்பிள் கம்பெனி சொல்லுது. அரிசியை மெஸ்ஸுக்கு விட்டுடுங்க. அங்கேயாவது நல்லா வேகட்டும்!

காய்ஞ்சதும் பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் இல்லை, அது தலைக்கு. மோட்டாரைப் பொறுத்தவரை, சென்ஸார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் தண்ணியை நல்லாவே தாங்கும், பேரிங் துருப்பிடிக்காம பார்த்துக்கிட்டா போதும். சென்ஸார் வெச்சதுல உள்ளே ஒரு குட்டி போர்டு இருக்கு, அது உஷார். பழைய பிரஷ் மோட்டார் தண்ணியிலயும் ஓடும், ஆனா கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும்.

சரி, தம்பி என்ன ஆனான்?

படிச்சு முடிச்சுப் போன ஒரு சீனியர் விட்டுட்டுப் போன அட்டைப்பெட்டி ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. அதுல பழைய பிரஷ் மோட்டாரும், அதுக்கான இ.எஸ்.சி.யும் கிடந்துச்சு. வேகம் பாதிதான். ரெண்டு ராத்திரி உட்கார்ந்தோம். நான் சால்டர் வெச்சேன். கோட்டிங் அடிச்சது, டேப் ஒட்டினது, ஊதா டார்ச்ல தேடினது எல்லாம் அவன். பேட்டரி என்னோடது.

ரேஸ் அன்னிக்குத் தூறல் நிக்கவே இல்லை. ஃபைனல்ல ஆறு கார். அதுல ரெண்டு, பாதி வழியில புகைஞ்சு நின்னுபோச்சு. தம்பியோட கார் மெதுவா, ஆனா நிக்காம ஓடி நாலாவதா வந்துச்சு. பரிசு மூணு பேருக்குத்தான்! மத்த பசங்க எல்லாம் ஸ்கோர் போர்டு பக்கம் ஓடினப்போ, இவன் சேத்துல மண்டி போட்டுப் பேட்டரி பிளக்கைப் பிடுங்கிக்கிட்டிருந்தான்.

காசு இருக்கிறவனுக்கு கார் செத்தா, அடுத்த கார். நம்மள்ல நிறைய பேருக்கு அடுத்த கார்னு ஒண்ணு இல்லை. அதனால நமக்கு ஸ்க்ரூடிரைவர் வேணும், திறந்து பார்க்கிற தைரியம் வேணும், டீயைப் பத்து நிமிஷம் தள்ளிப்போடுற பொறுமை வேணும். பிரஷ்லெஸ் இ.எஸ்.சி.க்கு அவன் இன்னும் பந்தி பரிமாறிக்கிட்டுத்தான் இருக்கான். ஆனா, இப்ப கிரவுண்ட் ஃப்ளோர்ல அவன் ரூம் வாசல்லயும் ஒரு ‘ஆஸ்பத்திரி’ போர்டு தொங்குது. எனக்கு பேஷன்ட் குறைஞ்சு போச்சு!

இன்னிக்கு ராத்திரி உங்க ஊர்லயும் மழை இருக்கலாம். கட்டிலுக்கு அடியில கவர்ல கட்டி வெச்ச கார் ஏதாவது இருக்கா? எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்து, பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு வந்து படுங்க. குட் நைட்!